எந்த வாசலில் நிக்குது உங்க கம்ப்யூட்டர்?



இன்ஜினியரிங் படிக்கிறோம் என்று தெரிந்தால் போதும், நீங்க சிவிலா மெக்கானிக்கலா என்றெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க. சொந்தக்காரர் வீட்டு கம்ப்யூட்டர் எல்லாம் உங்க பொறுப்பு. "மக்களே, இந்த சவம் ஆன் ஆகமாட்டேங்கு, ஒண்ணு வந்து பாரேன்" என்று மாமா கூப்பிடுவார். பக்கத்து வீட்டு அக்காவும் கூப்பிடுவாங்க. நமக்கும் வாயில் ஒரே பதில் ரெடியா இருக்கும்: "ஃபார்மட் அடிச்சிரலாம்."

அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால் என்ன செய்யணும் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஃபார்மட் அடித்தால் விண்டோஸ் திரும்ப வந்துரும். கடைசி வருஷ ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வராது. குவைத்தில் இருக்கிற அப்பா லீவில் வந்தப்போ எடுத்த போட்டோ வராது. பாட்டி பேசின வீடியோ வராது. இத்தனைக்கும் ஸ்டார்ட் ஆகாத கம்ப்யூட்டர் பலவற்றில் ஃபைல்களுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. வீடு பூட்டிக் கிடக்கிறது, சாமான் உள்ளே பத்திரமாக இருக்கிறது. சாவியைத் தேடாமல் வீட்டையே இடிக்கலாமா?

ஐந்து வாசல் கணக்கு

பத்மநாபபுரம் கொட்டாரத்தை நம்ம ஆட்கள் ஸ்கூல் டூரிலாவது ஒரு தடவை பார்த்திருப்பீங்க. உள்ளே நுழைந்ததும் நேராக நாலு மாடி உப்பிரிகை மாளிகைக்கு ஓட முடியாது. வெளிவாசல், பூமுகம், அங்கிருந்து மரப்படி ஏறி மந்திரசாலை, பிறகு ஒவ்வொரு கட்டாகத்தான் உள்ளே போகணும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆவதும் அதே மாதிரிதான். பவர் பட்டனுக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவில் ஐந்து வாசல் இருக்கிறது.

1. கரண்ட்: பவர் சப்ளை மதர்போர்டுக்குச் சரியான வோல்ட்டேஜைக் கொடுக்கணும்.
2. பயாஸ்: மதர்போர்டில் உள்ள சின்ன சிப்பில் இருக்கும் புரோகிராம் எழுந்து ரேம், டிஸ்ப்ளே எல்லாவற்றையும் சோதிக்கும். புது மெஷின்களில் இதற்கு யு.இ.எஃப்.ஐ என்று பெயர்.
3. பூட்லோடர்: எந்த டிஸ்க்கில் ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது என்று தேடி, அதை எழுப்பிவிடும்.
4. கெர்னலும் டிரைவர்களும்: விண்டோஸோ லினக்ஸோ தன் அடிப்படை வேலைகளைத் தொடங்கும்.
5. லாகின்: பாஸ்வேர்டு போட்டு டெஸ்க்டாப்புக்குப் போவது.

ஒரு வாசல் திறந்தால்தான் அடுத்தது திறக்கும். அதனால் "ஏன் ஆன் ஆகல?" என்று கேட்காதீங்க. "கடைசியா ஒழுங்கா நடந்தது எது?" என்று கேளுங்க. லோகோ வந்ததா? அப்படின்னா முதல் இரண்டு வாசல் பெரும்பாலும் சரி, ரேமைக் கழற்ற ஓட வேண்டாம். லோகோவே வரவில்லையா? அப்படின்னா விண்டோஸைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அது இன்னும் மேடைக்கே வரவில்லை.

கூடவே இரண்டு வேலை. ஒன்று, ஆன் ஆகும்போது ஸ்கிரீனை போனில் வீடியோ எடுங்க. அரை நொடி மின்னி மறையும் எரர் மெசேஜை வீடியோவை நிறுத்திப் படிக்கலாம். இரண்டு, "நேத்து என்ன மாறிச்சு?" என்று வீட்டில் விசாரிங்க. புது ரேம் போட்டாங்களா, அப்டேட் நடக்கும்போது கரண்ட் போச்சா, ராத்திரி இடி இடிச்சுதா? பாதி கேஸ் இந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுரும்.

முதல் வாசல்: அசைவே இல்லை

பட்டனை அமுக்கினால் லைட்டும் இல்லை, ஃபேனும் இல்லை. முதலில் அதே பிளக்கில் போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்க. அடுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவரில் சொருகுங்க. டெஸ்க்டாப்பின் பின்னால் எஸ்.எம்.பி.எஸ்ஸில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், வீட்டைப் பெருக்கும்போது அது தட்டுப்பட்டு ஆஃப் ஆகியிருக்கலாம். சிரிக்காதீங்க, அடிக்கடி நடக்கிறதுதான்.

லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றுங்க. பேட்டரி கழற்ற முடிகிற மாடல் என்றால் அதையும் எடுங்க. பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிங்க. பிறகு சார்ஜரை மட்டும் போட்டு ஆன் பண்ணுங்க. உள்ளே தங்கிய மின்சாரத்தால் குழம்பி நிற்கும் மெஷின் பல நேரம் இதிலேயே எழுந்துவிடும்.

நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இடியும் அதற்கேற்ற மாதிரி உண்டு. பிளக்கைப் பிடுங்கிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம், இன்டர்நெட் லான் கேபிள் மட்டும் சொருகியே இருக்கும். மின்னல் அதிர்ச்சி அந்த வழியாகவும் வரும். மழை இருட்டினால் இரண்டையும் எடுத்துருங்க.

ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்று, திரும்பவும் சுற்றி நின்றால் எங்கோ ஷார்ட் இருக்கலாம். வெளியே சொருகின எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முயற்சி பண்ணுங்க. எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் ஆபத்தான சார்ஜ் நிற்கும். நல்லதாகத் தெரிந்த வேறொன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான் அதற்குச் சோதனை.

இரண்டாம் வாசல்: ஃபேன் ஓடுது, ஸ்கிரீன் இருட்டு

கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அமுக்குங்க. லைட் மாறி மாறி எரிந்தால் மெஷின் அநேகமாக உயிரோடு இருக்கிறது, சந்தேகம் டிஸ்ப்ளே பக்கம். மானிட்டர் கேபிள் சரியான இடத்தில் இருக்கிறதா? தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிள் அந்தக் கார்டில்தான் போகணும்.

பீப் சத்தம் வந்தால் எத்தனை, நீளமா குட்டையா என்று எண்ணுங்க. அதன் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மாடல் பெயரோடு தேடினால் கிடைக்கும். பல புது மதர்போர்டுகளில் சி.பி.யு, ரேம், டிஸ்ப்ளே, பூட் என்று நாலு குட்டி லைட் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

ஈரக்காத்தும் உப்புக்காத்தும் சேர்ந்த ஊர் நமக்கு. குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் கேட்கவே வேண்டாம், ரேமின் தொடுபுள்ளிகளில் மெல்லிய படலம் பிடித்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி, கேஸின் இரும்பைத் தொட்டு உங்க உடம்பின் ஸ்டாட்டிக் சார்ஜைப் போக்கிவிட்டு ரேமைக் கழற்றுங்க. தங்க நிறக் கோடுகளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அமுக்கிப் போடுங்க. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, வேறு வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்க.

ஒரு விதிவிலக்கு: டி.டி.ஆர்.5 ரேம் உள்ள புது டெஸ்க்டாப்பில் முதல் தடவை ஆன் பண்ணும்போது, ரேமைப் பழக்கிக்கொள்ள மெஷினுக்குச் சில நிமிஷம் ஆகலாம். அதுவரை ஸ்கிரீன் இருட்டாகவே இருக்கும். பயந்துபோய் ஆஃப் பண்ணிராதீங்க.

இந்த வாசலில் இன்னொரு ஆசாமியும் உண்டு. கொட்டாரத்து மணிமேடைக் கடிகாரம் எடைக்கற்கள் இறங்கும் விசையில் ஓடுவதைப் பார்த்திருப்பீங்க. மதர்போர்டிலும் ஒரு கடிகாரம் இருக்கு. கரண்ட் இல்லாதபோது அதை ஓட்டுவது சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. அது தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும், பயாஸ் செட்டிங்கும் பழையபடி ஆகிவிடலாம். பழைய மெஷின்கள் சில, "எஃப்1 அமுக்கு" என்று சொல்லி அப்படியே நிற்கும். புது பேட்டரி போட்டால் தேதிப் பிரச்சினை தீரும். மாறிப்போன செட்டிங்கின் விளைவு அடுத்த வாசலில் தெரியும்.

மூன்றாம் வாசல்: லோகோ வந்தது, டிஸ்க் கிடைக்கலை

"நோ பூட்டபிள் டிவைஸ்" அல்லது "ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால், முதலில் பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் பிடுங்குங்க. கம்ப்யூட்டர் அதில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்கலாம்.

அடுத்து பயாஸுக்குள் போங்க. மெஷினைப் பொறுத்து எஃப்2, டெலீட், எஃப்10 அல்லது எஸ்கேப். அங்கே உங்க டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? இந்த ஒரு கேள்வி வழியை இரண்டாகப் பிரிக்கும்.

தெரியவில்லை என்றால் சிக்கல் ஹார்டுவேரில். டெஸ்க்டாப்பில் டிஸ்க் கேபிளைக் கழற்றி மாட்டுங்க, வேறு கேபிள் போடுங்க. பழைய ஹார்டு டிஸ்க்கில் 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திருங்க. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் உள்ளே இருப்பது இன்னும் கெடலாம். அந்த ஃபைல்கள் முக்கியம் என்றால் அது டேட்டா ரிக்கவரி தெரிந்தவர் கைக்குத்தான் போகணும்.

தெரிகிறது என்றால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது, வழிதான் தப்பியிருக்கிறது. பூட் ஆர்டர் மாறியிருக்கலாம். யு.இ.எஃப்.ஐ முறையில் போட்ட விண்டோஸை பயாஸ் பழைய 'லெகசி' முறையில் தேடலாம். சாட்டா மோட் ரெய்டிலிருந்து ஏ.எச்.சி.ஐ-க்கு மாறியிருந்தால், விண்டோஸ் பாதி தூரம் வந்து "இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீல ஸ்கிரீனில் விழும். பட்டன் பேட்டரி தீர்ந்த மெஷின்களில் இது நடக்கும். எதை மாற்றினாலும் முதலில் பழைய செட்டிங்கை போட்டோ எடுத்து வைங்க.

நம்ம கூட்டத்துக்கே உரிய கேஸ் ஒன்று உண்டு. செமஸ்டர் லேபுக்காக உபுண்டுவை விண்டோஸோடு சேர்த்துப் போடுவோம். செமஸ்டர் முடிந்ததும் இடம் வேணும் என்று விண்டோஸில் உட்கார்ந்து லினக்ஸ் பார்ட்டிஷனை அழிப்போம். மறுநாள் கறுப்பு ஸ்கிரீனில் "கிரப் ரெஸ்கியூ" என்று வந்து நிற்கும். விண்டோஸ் போகவில்லை, அதற்கு வழிகாட்டும் போர்டைத்தான் பிடுங்கிட்டோம். யு.இ.எஃப்.ஐ மெஷின் என்றால் எஃப்12 அல்லது எஃப்9 அமுக்கி பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுங்க, உள்ளே போயிரலாம். பிறகு பயாஸில் அதையே முதலாவதாக வைத்தால் முடிந்தது வேலை.

நாலாம் வாசல்: வட்டம் சுத்துது, நீல ஸ்கிரீன், திரும்ப ரீஸ்டார்ட்

இந்த வாசலில் உலகமே மாட்டி நின்ற ஒரு நாள் உண்டு. 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் ஃபால்கன் மென்பொருளுக்கு இந்திய நேரம் காலை 9.39-க்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. அந்த மென்பொருள் 20 தகவல்களை எதிர்பார்த்த இடத்தில் புது ஃபைல் 21-ஆவது ஒன்றைக் கேட்டது. இல்லாத இடத்தைப் படிக்கப் போய் விண்டோஸ் விழுந்தது. ரீஸ்டார்ட் ஆனால் அதே ஃபைல், அதே விழுகை. 78 நிமிஷத்தில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றும், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. சென்னை உள்பட பல விமான நிலையங்களில் செக்-இன் வேலை கையால் நடந்தது. நாட்டில் சில இடங்களில் போர்டிங் பாஸையே பேனாவால் எழுதிக் கொடுத்தாங்க.

தீர்வு என்ன தெரியுமா? சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை அழிப்பது, அவ்வளவுதான். யாரும் 85 லட்சம் மெஷினை ஃபார்மட் அடிக்கச் சொல்லவில்லை. விழுந்தது நாலாம் வாசலில் ஒரே ஒரு டிரைவர். அதை விலக்கினால் பின்னால் இருந்த எல்லாம் அப்படியே இருந்தது.

ஃபால்கன் கம்பெனிகள் பயன்படுத்துகிற மென்பொருள், உங்க வீட்டு மெஷினில் அது இருக்க வாய்ப்பு குறைவு. வைத்தியம் அதேதான். விண்டோஸ் வட்டம் சுற்றும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைங்க. இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் விண்டோஸே 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று ஒரு நீலப் பக்கத்தைக் காட்டும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் இந்த வரிசையில் பாருங்க:

- ஸ்டார்ட்அப் ரிப்பேர். பூட் ஃபைல் கோளாறுகளைத் தானே சரிசெய்யப் பார்க்கும்.
- அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். நேற்று அப்டேட் நடந்திருந்தால் இதுதான் முதல் சந்தேகம்.
- சிஸ்டம் ரீஸ்டோர். பழைய ரீஸ்டோர் பாயின்ட் இருந்தால் அந்த நிலைக்கு விண்டோஸ் திரும்பும், உங்க சொந்த ஃபைல்களைத் தொடாது.
- ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ். ரீஸ்டார்ட் ஆனதும் 4-ஐ அமுக்கினால் சேஃப் மோட்.

சேஃப் மோடில் விண்டோஸ் தனக்குக் கட்டாயம் வேண்டிய டிரைவர்களை மட்டும் ஏற்றும். அதில் ஒழுங்காகத் திறந்தால், பின்னால் போட்ட ஏதோ டிரைவரோ மென்பொருளோதான் குற்றவாளி. கடைசியாகப் போட்டதை முதலில் நீக்குங்க.

"அப்டேட் நடக்கிறது, அணைக்காதீங்க" என்று வந்தால் மட்டும் பொறுங்க. பழைய ஹார்டு டிஸ்க் மெஷினில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். டிஸ்க் லைட் மின்னிக்கொண்டு இருக்கும்வரை கை வைக்காதீங்க. நடுவில் அணைத்தால் இல்லாத நோயை நாமே கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும்.

ஐந்தாம் வாசல்: பாஸ்வேர்டு வரை வந்தாச்சு

பாஸ்வேர்டு போட்ட பிறகு கறுப்பு ஸ்கிரீன், நடுவில் மவுஸ் அம்பு மட்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்க. டாஸ்க் மேனேஜர் வந்தால் 'ரன் நியூ டாஸ்க்' போய் 'எக்ஸ்ப்ளோரர்' என்று ஆங்கிலத்தில் டைப் பண்ணுங்க, டெஸ்க்டாப் வந்துரும். அடிக்கடி இப்படி ஆனால் சி டிரைவ் நிரம்பியிருக்கா என்று பாருங்க. ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாத மென்பொருள்களை நிறுத்துங்க.

எந்த வாசலானாலும், முதலில் சாமானை எடுங்க

இரண்டு மூன்று முயற்சியில் சரியாகவில்லை என்றால் ரிப்பேரை நிறுத்திட்டு ஃபைலைக் காப்பாத்துங்க. வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் பண்ணுங்க. 'இன்ஸ்டால்' என்பதை விட்டுவிட்டு 'டிரை' என்பதைத் தேர்ந்தெடுங்க. விண்டோஸ் எழாவிட்டாலும் டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர்கள் தெரியும். வெளியே ஒரு டிஸ்க்கை மாட்டி, வேண்டியதை நகல் எடுங்க. முதல் இரண்டு வாசலிலேயே மெஷின் நின்றுவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி கேஸில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் பார்க்கலாம்.

'செக்டிஸ்க்' போன்ற கட்டளைகளை நகல் எடுத்த பிறகுதான் ஓட்டணும். சாகக் கிடக்கிற டிஸ்க்கில் அதை ஓட்டினால் மிச்சம் இருப்பதும் போகலாம்.

இங்கே ஒரு பூட்டு குறுக்கே வரும்: பிட்லாக்கர். பல புது லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் பண்ணின உடனே டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. நமக்கே தெரியாது. பயாஸில் எதையாவது மாற்றினாலோ டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டினாலோ 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கும். அது இல்லாவிட்டால் நல்ல டிஸ்க்காக இருந்தும் ஃபைல் கிடைக்காது, எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. பெரும்பாலும் அந்த கீ உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும். வேறு போனிலிருந்து லாகின் பண்ணி எடுக்கலாம்.

கடைக்குப் போகணும்னா

எல்லாவற்றையும் நாமே செய்ய முடியாது. மதர்போர்டு போனால் கடைதான். ஆனால் "ஆன் ஆகல அண்ணே" என்று வெறுமனே கொடுத்துட்டு வராதீங்க. "லோகோ வருது, டிஸ்க் பயாஸில் தெரியுது, சேஃப் மோடிலும் நீல ஸ்கிரீன் வருது, இந்தா வீடியோ" என்று சொல்லிப் பாருங்க. அவருக்கும் வேலை மிச்சம், உங்களுக்கும் காசு மிச்சம். "டேட்டா வேணும், கேட்காம ஃபார்மட் அடிக்கக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்க. வாயால் சொன்னது மறந்துபோகும்.

இன்னைக்கே மூணு வேலை

இதெல்லாம் மெஷின் படுத்த பிறகு செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டியது மூன்று. பிட்லாக்கர் கீயைத் தேடி ஒரு நோட்டில் எழுதி வைங்க. அந்த நோட்டை லேப்டாப் பைக்குள்ளேயே வைக்காதீங்க. ஒரு பென் டிரைவில் உபுண்டு ஏற்றி அலமாரியில் போடுங்க. ப்ராஜெக்ட்டையும் வீட்டு போட்டோக்களையும் இன்னொரு இடத்தில் நகல் எடுங்க. எந்த டிஸ்க்கும் ஒருநாள் போகும், அது வைவாவுக்கு முந்தின ராத்திரியாகவும் இருக்கலாம்.

அடுத்த தடவை மாமா போன் பண்ணும்போது ஃபார்மட் என்ற பேச்சையே எடுக்காதீங்க. "மாமா, ஸ்கிரீன்ல கடைசியா என்ன தெரிஞ்சுது?" என்று கேளுங்க.